கேட்டு வாங்கிய நினைவு

கர்நாடக இசைப் படைப்பாளர் முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானபோது அவருடைய கிருதிகளில் ஒன்றுகூட அச்சில் இல்லை. இருந்தவையெல்லாம் தம்பி பாலுசாமி தீட்சிதரிடமும், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துச் சீடர்கள் சிலரிடமும் வாய்ப்பாடமாக இருந்தன. எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வானாக இருந்த பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டு அவனுக்குப் பாடம் சொல்லிவைத்தார். அந்தப் பையன்தான் சுப்பராம தீட்சிதர். பிறந்தது 1839. பெரியவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. முத்துசாமி தீட்சிதர் பாடி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பாலுசாமியும் 1858இல் போய்விட்டார். அதன் பிறகு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாடாந்தரத்துக்குப் பெரும்பகுதி இருப்பிடம் ஒரு மனிதரின் மூளை. 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தபோது, ஏறத்தாழ 1,700 பக்கங்களில், முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229 சுரக்குறிப்போடு இருந்தன. மூலவர் கண்மூடி 69 ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதியவருக்கு அறுபத்தைந்து வயது.

இதை இரண்டு விதமாகப் பேசுவது நம்மிடையே வழக்கம். ஒரு சாரார் அது தெய்வ அருள், அந்தக் காலத்து ஞாபகசக்தி என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இன்னொரு சாரார் ஒரு முதியவரின் நினைவை எப்படி நம்புவது, பாதி அவரே இட்டுக்கட்டியிருப்பார் என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டு பேச்சுமே முதுமையில் மூளைக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அந்தக் கேள்வியை நடுவில் வைத்துப் பார்த்தால் எட்டயபுரத்துக் கதை வேறு மாதிரி தெரிகிறது. முதியவரிடம் சேர்ந்த சரக்கு அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. அதை எடுத்துத் தரும் வேகமும் ஒழுங்கும்தான் முதலில் தளர்கின்றன. ஆகவே எவ்வளவு மீட்க முடியும் என்பது அவருடைய தலையை மட்டும் பொறுத்ததல்ல, கேட்பவர்கள் செய்துதரும் ஏற்பாட்டையும் பொறுத்தது. எட்டயபுரம் அந்த ஏற்பாட்டைச் செய்தது என்பதே என் வாதம்.

மூளையை வெட்டிப் பார்த்தால் வெளிப்புறம் சாம்பல் நிறம், உள்ளே வெண்மை. சாம்பல் பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள். வெண்பகுதி அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட இழைகளின் கற்றை; இழைகளைச் சுற்றியுள்ள மைலின் என்ற கொழுப்புறைதான் அந்த வெண்மைக்குக் காரணம். ஊர்களைச் சாம்பல் என்று கொண்டால் சாலைகளை வெண்பொருள் எனலாம். உறை இல்லாத இழையில் செய்தி விநாடிக்கு ஓரிரு மீட்டர் தூரமே நகரும். தடித்த உறை உள்ளதில் நூறு மீட்டர் வரை பாயும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கணக்கின்படி, இருபது வயது ஆணின் மூளையில் உறையிட்ட இழைகளை நீட்டிவைத்தால் சுமார் 1,76,000 கிலோமீட்டர். எண்பது வயதில் அது 97,000 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பெண்களிலும் இதே விகிதச் சரிவு. இது எல்லோருக்கும் வரும் இயல்பான தேய்மானம். இதற்கு மேல், மூளையின் ஆழத்துக்குள் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் தடித்துப்போய் வெண்பொருளில் திட்டுத் திட்டாகச் சேதம் உண்டாவது வேறு கதை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது இருபதில் ஒருவர்தான் அத்தகைய திட்டு ஒன்றுகூட இல்லாமல் தப்பியிருந்தார்.

சாலை பழுதானால் ஊர் அழிந்துவிடாது. போய்ச் சேர நேரமாகும், அவ்வளவுதான். வெண்பொருள் சேதம் காட்டும் குணமும் பெரும்பாலும் அதுவே. பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வராது. ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தைக் கவனிக்க முடியாது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற திட்டம் குழம்பும். ஆனால் முதல் எழுத்தைச் சொன்னால் முழுப் பெயரும் வந்துவிடும். நான்கைச் சொல்லி எது என்று கேட்டால் சரியானதைச் சுட்டிவிடுவார்கள். சேமிப்பே கரைந்துபோகும் அல்சைமர் நோயிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். இரண்டும் ஒரே ஆளிடம் கலந்து வருவதும் உண்டு என்பதால் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. வெண்பொருள் நலிவால் வரும் அறிவுத்தளர்ச்சியை சுவிட்சர்லாந்தில் பிறந்த மருத்துவர் ஆட்டோ பின்ஸ்வாங்கர் 1894இல் விவரித்தார். அலாய்ஸ் அல்சைமர் தம் நோயாளியைப் பற்றி ட்யூபிங்கன் நகரில் பேசியது 1906 நவம்பரில். சுப்பராம தீட்சிதர் மறைந்த ஆண்டும் 1906தான். அவரைச் சுற்றி இருந்தவர்கள் எவருக்கும் இந்த விவரங்கள் தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலேயே அவர்கள் சரியானதைச் செய்தார்கள்.

முதலில் அந்தச் சரக்கு எப்படிச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். குருமுகப் பாடத்தில் ஏட்டுக்கு இடம் உண்டு, ஆனால் சிறிய இடம். சுவடியில் சாகித்தியம் இருக்கும். சில சமயம் சுரங்களின் எலும்புக்கூடு இருக்கும். கமகம் இருக்காது. ஒரு சுரத்தை அசைப்பதா, வழுக்குவதா, எங்கிருந்து தொட்டு எங்கே விடுவது என்பதெல்லாம் வீணையில் விரலும் பாட்டில் தொண்டையும் பல்லாயிரம் முறை செய்து செய்து பதியவைத்தவை. சின்ன வயதில் தொடங்கி, நாள் தவறாமல், ஒரே ஆசிரியரிடம், பிழை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தப்பட்டு நடந்த பாடம் அது. ஸ்வீடனில் பியானோக் கலைஞர்களை வைத்து 2005இல் நடத்திய ஆய்வொன்றில், சிறுவயதில் பயிற்சி செய்த மணிநேரம் கூடக்கூட மூளையின் குறிப்பிட்ட சில வெண்பொருள் பாதைகளின் கட்டமைப்பும் செறிவாக இருந்தது தெரியவந்தது. பயிற்சி நினைவை மட்டும் சேர்ப்பதில்லை, பாதையையும் போடுகிறது. ஜெர்மனியில் நடந்து 2015இல் வெளியான இன்னொரு ஆய்வு, நெடுங்காலம் அறிந்த இசையை நினைவுகூரும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயாளிகளிடம்கூட மற்றப் பகுதிகளை விடக் குறைவாகவே சுருங்கியிருந்ததைக் காட்டியது. ஆக, பாடாந்தரம் என்ற வழக்கம் தன் சரக்கை மூளையின் உறுதியான அறையொன்றில் வைத்திருந்தது. நம் முன்னோர் அறிவியல் அறிந்து அப்படிச் செய்தார்கள் என்று மார்தட்ட வேண்டியதில்லை. கமகத்தை எழுத வழியில்லாததால் வேறு வகையின்றிச் செய்தார்கள்; வழி பலித்தது.

இருப்பது வேறு, வெளியே வருவது வேறு. இங்கேதான் சின்னசாமி முதலியார் வருகிறார். ஏ.எம். சின்னசாமி முதலியார் சென்னைக்காரர், எம்.ஏ. படித்தவர், கிறிஸ்தவர். 1890களின் தொடக்கத்தில் நம் கிருதிகளை மேல்நாட்டு இசைக்குறியீட்டில் அச்சிட்டு வெளியிட ஆரம்பித்து, அதற்குத் தம் கைப்பணத்தைச் செலவழித்தவர். பாட்டுகளைத் தேடிப் போன வழியில்தான் தீட்சிதர் சம்பிரதாயத்தின் கருவூலம் எட்டயபுரத்தில் ஒரே ஒருவரிடம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். முதலியாருக்குப் பார்வை மங்கி, உடல்நலமும் கெட்டது. 1899இல் எட்டயபுரம் அரசரின் பட்டாபிஷேகத்தின்போது கரிசல் காட்டைத் தாண்டி வந்து, சுப்பராம தீட்சிதரிடம் உள்ளதையெல்லாம் எழுதச் சொல்லி அச்சிட வேண்டும் என்று அரசரிடம் வேண்டிக்கொண்டார். குடும்பச் சொத்தாகக் காத்துவந்ததைப் பொதுவில் வைக்கத் தீட்சிதருக்குத் தயக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். இருந்தால் அதில் வியப்பில்லை. அரசர் ஜகத்வீர ராம வெங்கடேசுவர எட்டப்பர் ஒப்புக்கொண்டார். கமகத்துக்கென்று தனிக் குறிகள் வகுக்கப்பட்டன. அந்தக் குறிகளுக்கு அச்செழுத்து வார்க்க வேண்டியிருந்தது. இன்றும் ஒரு சிறு நகரத்து அச்சகம் இதைக் கேட்டால் கையை விரித்துவிடும். சமஸ்தானம் செலவை ஏற்றது, நேரத்தையும் கொடுத்தது. ஒரு முதியவரிடம் அரை நாளில் எல்லாவற்றையும் கறந்துவிட முடியாது என்பதைப் புரிந்துகொண்ட அரண்மனை அது. அதே ஆண்டுகளில் காசியிலிருந்து திரும்பிய சுப்பிரமணிய பாரதியும் அங்கேதான் வேலையில் இருந்தார். பின்னர் தீட்சிதர் மறைந்தபோது அவர் ஒரு இரங்கற்பா பாடியிருக்கிறார்.

பணத்தையும் நேரத்தையும் விடப் பெரிய உதவி நூலின் அடுக்குமுறையில் இருக்கிறது. 'பிரதர்சினி' நினைவுக்கு வந்த வரிசையில் பாட்டுகளைக் கொட்டிய புத்தகம் அல்ல. வேங்கடமகியின் வழிவந்த 72 ராகாங்க ராகங்கள் ஒன்று முதல் எழுபத்திரண்டு வரை நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ராகத்தின் இலக்கணம், லட்சண கீதம், தானம், கிருதி, கடைசியில் சுப்பராம தீட்சிதரே இயற்றிய சஞ்சாரி என்ற ஒழுங்கு பெரும்பாலும் மாறாமல் வருகிறது. பிறகு அந்த ராகத்தில் பிறந்த சிறு ராகங்கள், அவற்றின் உருப்படிகள். ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே கடபயாதி முறையில் அதன் எண்ணைச் சொல்லிவிடும்: கனகாம்பரி ஒன்று, பேனத்யுதி இரண்டு, கானசாமவராளி மூன்று, தீரசங்கராபரணம் இருபத்தொன்பது. தானாக எடுத்துச் சொல்லுங்கள் என்றால் திணறும் மூளைக்கு இதைவிட நல்ல துணை என்ன வேண்டும்? எண் ராகத்தைத் தருகிறது. ராகம் கீதத்தைத் தருகிறது. கீதத்தின் பிரயோகம் கிருதியின் எடுப்பைத் தருகிறது. அடுத்தது எது என்று யோசிக்கிற வேலை, அதாவது வெண்பொருள் தளர்ந்த மூளைக்கு மிகக் கடினமான வேலை, முன்கூட்டியே முடிந்துவிட்டது. இந்த அடுக்கு தீட்சிதர் கண்டுபிடித்ததல்ல. சம்பிரதாயம் கற்பிப்பதற்காக வைத்திருந்த சட்டகம் மீட்பதற்கும் பயன்பட்டது. இசை வரலாற்றாசிரியர்கள் 72 மேளத் திட்டத்தைப் பெரும்பாலும் சாஸ்திரமாகவே பேசுகிறார்கள். நினைவுக்குப் பிடிமானமாகவும் அதைப் பேச வேண்டும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வெளிப்படையானது. 1906இல் இறந்தவரின் மூளையைப் படம் எடுத்தது யார்? அவருக்கு வெண்பொருள் நலிவு இருந்தது என்று எப்படிச் சொல்லலாம்? சொல்லவில்லை. அவர் தலைக்குள் என்ன இருந்தது என்பது என் வாதத்துக்குத் தேவையும் இல்லை. அறுபத்தைந்து வயது மூளை எதுவாயினும் இருபது வயதின் வேகத்தில் ஓடாது என்பது போதும். அவர் விதிவிலக்கான மனிதர் என்றும் வாதிடலாம். இந்தியரின் சராசரி ஆயுட்காலம் இருபத்து மூன்று ஆண்டுகளை ஒட்டியிருந்த காலம் அது. குழந்தைச் சாவுகள் அந்தச் சராசரியை இழுத்துக் கீழே தள்ளின என்றாலும், அறுபத்தைந்தைத் தொட்டவர்கள் திடகாத்திரத்தால் தப்பியவர்கள்தான். ஒப்புக்கொள்கிறேன். வாழ்நாள் முழுவதும் வாசிப்பு, தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் என்று பல மொழிப் புழக்கம் எல்லாம் அவருக்குக் கூடுதல் கையிருப்பு. ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு பிந்தித் தலைகாட்டியது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. ஆனால் விதிவிலக்கான மூளையும் 1899 வரை 229 கிருதிகளை நூலாக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. கேட்க ஆள் வந்த பிறகுதான் அது நடந்தது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. நினைவு அழியாமல் இருக்கலாம், மாறாமல் இருக்குமா? வாய்ப்பாடம் ஒவ்வொரு முறை பாடும்போதும் கொஞ்சம் நகரும், பாடுபவருக்கே தெரியாது. முத்துசாமி தீட்சிதரின் சீடர்களான தஞ்சை நால்வர் வழியில் வந்த சில கிருதிகளின் பாடத்துக்கும் 'பிரதர்சினி' பாடத்துக்கும் வேறுபாடு உண்டு. இன்று கச்சேரி மேடையில் கேட்கும் வடிவம் இரண்டிலிருந்தும் விலகியிருப்பதும் உண்டு. நூலில் உள்ள வாக்கேயகார சரித்திரத்தில் செவிவழிக் கதைகள் கலந்திருப்பதையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். இதை மறுக்க நான் முயலவில்லை. மாறாக, இதுவே என் பக்கத்துச் சாட்சி. ஒரே நூலில் இரண்டு வகை நினைவு இருக்கிறது. கைப்பழக்கமாகி, சட்டகத்தில் பூட்டப்பட்ட சுர நினைவு ஒன்று. யார் எங்கே போனார், எந்த அரசர் என்ன பரிசு கொடுத்தார் என்ற சம்பவ நினைவு இன்னொன்று. ஐயம் அதிகம் எழுவது இரண்டாவதைப் பற்றித்தான். முதுமையில் முதலில் பிசகுவதும் அந்த வகைதான். குடும்பத்துச் சுவடிகளும் தீட்சிதரிடம் இருந்தன, எல்லாம் நினைவிலிருந்து வரவில்லை என்பதும் உண்மை. சுவடி பிடிமானத்தைக் கொடுத்தது; கமகம் அவர் கையிலிருந்து வந்தது.

மூன்றாவது மறுப்பை மருத்துவர்கள் எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். முதியவரின் தலையில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, பொறுமையாகக் கேட்டால் போதும் என்ற பேச்சு நோயை மூடிமறைக்க உதவாதா? "வயசானா அப்படித்தான்" என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகாமல் விட்டிருக்கிறோம். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் கிராமத்தாரிடமும் விகிதம் அதிகம். வெண்பொருள் சேதத்துக்கு நம் கையில் உள்ள பெரிய கடிவாளம் இரத்த அழுத்தம். அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை இரு பிரிவாகப் பிரித்து நடத்தி 2019இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவினருக்கு, 140க்குக் கீழே என்று விட்டவர்களை விட வெண்பொருள் திட்டுகள் குறைவாகவே வளர்ந்தன. இலேசான அறிவுத்தளர்ச்சி வந்தவர்களும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டிமென்ஷியாவே குறைந்ததா என்று உறுதியாகச் சொல்ல அந்த ஆய்வுக்குக் கால அளவு போதவில்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையால் ஆகிற காரியம் இது. ஆகவே மரியாதையும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. பேச்சு திடீரென்று குழறினாலோ, நடை தடுமாறினாலோ, சில மாதங்களில் ஆளே மாறிப்போனாலோ அது முதுமை அல்ல, நோய்.

எனக்கே உறுத்துகிற மறுப்பு ஒன்று மிஞ்சியிருக்கிறது. யாருடைய நினைவைக் கேட்க அரசர் பணம் ஒதுக்கினார்? ஆஸ்தான வித்வானுடையதை. அதே கரிசல் மண்ணில் ஒப்பாரி பாடியவர்களிடமும், மழைக்குறி பார்த்தவர்களிடமும், வைப்பாற்றுக் கரையில் ஊற்றுக்கண் அறிந்தவர்களிடமும் யாரும் அச்செழுத்தோடு போய் நிற்கவில்லை. அவர்களில் பலர் மூளையில் இருந்ததும் கைப்பழக்கமான உறுதியான நினைவுதான். எட்டயபுரத்துக்குப் பக்கத்து வட்டாரமான இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணன் வந்து கரிசல் சொல்லகராதியையும் நாட்டுக்கதைகளையும் தொகுக்க இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவரும் வயதானவர்களைக் கேட்டே சேர்த்தார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, கடைசி ஆண்டுகளிலும் எழுதிக்கொண்டிருந்தார். அரண்மனை இல்லாமலும் இது நடக்கும் என்பதற்கு அவர் சான்று. ஆஸ்தான வித்வானின் நூலோ அதற்குள் மேலும் பரவியிருந்தது: சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் 'பிரதர்சினி'யைத் தமிழில் பாகம் பாகமாகக் கொண்டுவந்தது.

அதே 1961இல்தான் தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அதில் இருபது வயதில் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு முத்துச்சிப்பிப் பாருக்கு இறங்கியவர் இன்று எண்பதை எப்போதோ தாண்டியவர். எந்தப் பாரில் எந்த ஆழத்தில் மணல், எங்கே பாறை, நீரோட்டம் திரும்பும் நேரம் எது, மேலே கயிறு பிடிப்பவருக்குக் கொடுத்த சைகை என்ன என்பதெல்லாம் அவர் உடம்பில் இருக்கிறது. போய்க் கேட்பவர்கள் கேள்விப்பட்டியலை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பழைய பார்களின் வரைபடத்தையும் ஒரு கயிற்றையும் எடுத்துப் போங்கள். ஒரு பாரின் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். போகிற போக்கில் அவருடைய இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.